பந்து இரை எடுத்துவிட்டது

பாப்பாவுக்கு,

நீ என்னிடம் விட்டுப் போன பால் பைத்தான் (ball python) பாம்பு, நம் பந்து, சாப்பிடுகிறது. அதுவும் உயிருள்ள எலியை இல்லை, ஃப்ரீசரில் இருந்து எடுத்த எலியை. முதல் தடவை எடுத்தபோதே உனக்குச் சொல்லியிருப்பேன், ஏதோ தற்செயலோ என்று சந்தேகம். மூன்றாவது தடவையும் எடுத்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் நீ நடுவில் நூறு கேள்வி கேட்பாய், விட்ட இடம் எனக்கு மறந்துவிடும்.

ஒரு விஷயத்தை உன்னிடம் மறைத்தேன், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ கிளம்பும்போது, “உயிரோட இருந்தாத்தான் தின்னும்பா, வேற எதையும் தொடாது” என்றாய். சரி என்று நானும் அப்படியே கொடுத்து வந்தேன். நாலாவது தடவை எலியை உள்ளே விட்டுவிட்டு, அது பாட்டுக்குப் பிடித்துக்கொள்ளும் என்று தூங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் எலி தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருக்கிறது. பந்து மூலையில் உருண்டையாகச் சுருண்டு, தலையை நடுவில் புதைத்துக் கிடக்கிறது. முதுகில் அரைவிரல் நீளத்துக்குச் செதில் பிய்ந்து சிவந்திருந்தது. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நம் பாம்பு ஓர் எலிக்கு நடுங்கிக்கொண்டிருந்தது.

பயப்படாதே, ஆறிவிட்டது. இரண்டு தடவை சட்டை உரித்தாயிற்று, உற்றுப் பார்த்தால்தான் வடு தெரியும். பசியில்லாத பாம்புக்குப் பக்கத்தில் எலியை ராத்திரி முழுக்க விட்டு வைத்தால் எலி பாம்பைக் கொறிக்க ஆரம்பித்துவிடுமாம். கண் போன பாம்புகளும் உண்டு என்றார் கால்நடை டாக்டர். அன்றோடு உயிருள்ள எலியை நிறுத்தினேன்.

செத்த எலியைக் கொடுத்தபோது அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடம் என்றுதான் நான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அதன் மேலுதட்டு ஓரத்தில் வரிசையாகக் குழிகள் இருக்கிறதே, அவை சூட்டை உணர்கிற குழிகள். இருட்டில் ஓர் எலி போனால் அதன் உடம்புச் சூட்டை வைத்தே இன்ன இடம் என்று அதற்குத் தெரியும். நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது வாசனை பிடிக்க. கூடவே அசைவு. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அதன் கணக்கில் இரை. ஜில்லென்று அசையாமல் கிடக்கிற ஒன்று அதற்குக் கூழாங்கல் மாதிரி.

உயிருள்ளதில் இருந்து நேராக ஃப்ரீசர் எலிக்குத் தாவாமல் நடுவில் ஒரு படி வைத்தேன். எலி தருகிறவரிடமே சொல்லி, அப்போதுதான் கொன்றதாக, உடம்புச் சூடு ஆறுவதற்குள் வாங்கி வந்து கொடுத்தேன். இரண்டாவது முயற்சியில் எடுத்துக்கொண்டது. அப்புறம் உறைந்த எலிக்கு வந்ததும் ஐந்து வாரப் பட்டினி.

அந்த ஐந்து வாரத்தில் நான் செய்த கூத்தைக் கேள். முதல் எலி வெளியே சூடு, வயிற்றுக்குள் ஐஸ் கட்டி. மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அடுத்ததைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன், வயிறு வெடித்துவிட்டது. அந்த நாற்றத்துக்கு உன் அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. (மைக்ரோவேவ் பக்கமே போகாதே. ஒரு பக்கம் வெந்து, ஒரு பக்கம் உறைந்து, இதைவிட மோசமாக வெடிக்கும்.) மூன்றாவதைப் பட்டப்பகலில், சொட்டச் சொட்ட ஈரத்தோடு, அதன் மூக்குக்கு நேராக ஆட்டிக் காட்டினேன். பயத்தில் பந்தாகச் சுருண்டுவிட்டது. நீ பேர் வைத்தது சரிதான். அதற்குப் பிறகும் பதறிப்போய் இரண்டு நாளைக்கு ஒரு தடவை நீட்டிக்கொண்டே இருந்தேன். நீ சின்ன வயதில் வாயை மூடிக்கொண்டபோது உன் அம்மா கிண்ணத்தோடு பின்னாலேயே வருவாளே, அதே மாதிரி. நீயாவது கடைசியில் வாயைத் திறப்பாய்.

திரும்ப டாக்டரிடம் போனேன். அவர் எலியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “தரையில் சூடு எவ்வளவு?” என்றார். நான் தெர்மாமீட்டரைக் கண்ணாடியில் மேலே ஒட்டி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பந்து படுக்கிற இடத்தில் வைத்துப் பார்த்தால் வெறும் 27 டிகிரி. உடம்பில் சூடு ஏறாவிட்டால் தின்றது செரிக்காது, அதனால் தின்னவே தோன்றாது. இப்போது ஒரு பக்கம் 32, இன்னொரு பக்கம் 26, சூடு ஏறாமல் இறங்காமல் இருக்கத் தெர்மோஸ்டாட் போட்டிருக்கிறேன். ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் இறுக்கமான பெட்டி. இதற்கெல்லாம் நடுவில் அதன் கண் பால் படிந்த மாதிரி மங்கியது. சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம், அந்த நேரத்தில் எதுவும் கொடுக்க வேண்டாம் என்றார். உரித்து முடிகிறவரை கிட்டவே போகவில்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

இப்போது செய்கிற முறையைச் சொல்கிறேன். எலியின் பருமன் பந்தின் உடம்பில் தடித்த இடத்தைத் தாண்டக்கூடாது. பந்து 640 கிராம் இருக்கிறது, 50, 60 கிராம் எலி போதும். முந்தின ராத்திரியே மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடு. மறுநாள் சாயங்காலம் ஜிப் கவரில் போட்டு, கை பொறுக்கிற வெந்நீரில் இருபது நிமிடம். வயிற்றை அழுத்திப் பார், உள்ளே கட்டியாக எதுவும் தட்டக்கூடாது. ஈரம் பட்டிருந்தால் துடைத்துவிட்டு, தலைப் பக்கம் மட்டும் ஹேர் டிரையரில் கொஞ்சம் காட்டு. மேல்தோல் 38 டிகிரி வந்தால் சரி, தலை அதைவிட லேசாகக் கூட இருக்கலாம்.

முதல் தடவை எடுத்த அன்றைக்கு ராத்திரி ஹாலில் ஒரு விளக்கைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். நீள இடுக்கியால் எலியை முதுகுப் பக்கம் பிடித்து, முகத்துக்கு நேராகக் கொண்டுபோகாமல், பெட்டி வாசலைக் கடந்து போகிற மாதிரி ஓரமாக நகர்த்தினேன். மூக்கு வெளியே வந்தது. நாக்கு வேகமாக ஆடிக்கொண்டிருந்தது, பிறகு மெல்ல மெல்ல. கழுத்து பின்வாங்கி வளைந்து நின்றது. எலியை லேசாக ஒரு நடுக்கு நடுக்கினேன். டப்! பிடித்ததும் தெரியவில்லை, மூன்று சுற்று சுற்றியதும் தெரியவில்லை. இடுக்கியை ஒரே ஒரு தடவை மெதுவாக இழுத்துவிட்டு விட்டேன், எலி திமிறுகிற மாதிரி இருக்கட்டும் என்று. இன்னும் இறுக்கியது.

அப்புறம் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டேன். பத்து நிமிடம் இறுக்கமே தளரவில்லை. பிறகு மூக்கால் தடவித் தடவித் தலையைத் தேடியது. பெரும்பாலும் தலைப் பக்கமிருந்துதான் விழுங்கும், இல்லாவிட்டால் கால் மாட்டிக்கொள்ளும். தாடையின் வலப்பக்கம் ஒரு அடி, இடப்பக்கம் ஒரு அடி, இரையின் மேல் நடந்து போகிற மாதிரி. கடைசியில் வால் மட்டும் வாயோரம் கொஞ்ச நேரம் தொங்கியது, அதுவும் போனது. இரண்டு கொட்டாவி விட்டுத் தாடையைச் சரிசெய்துகொண்டது. திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் உன் அம்மா. பந்து இருக்கிற அறைக்குள் காலே வைக்காதவள்! “தின்னுடுச்சா?” என்றாள்.

இடுக்கியில் இருந்து எடுக்கவில்லை என்றால் வாசலில் வைத்துவிட்டுப் போய்ப் படு, ராத்திரி எடுத்தாலும் எடுக்கும். காலையில் கிடந்தால் தூக்கிப் போடு, திரும்ப ஃப்ரீசரில் வைக்காதே. அடுத்த முயற்சிக்கு ஒரு வாரமாவது இடைவெளி விடு. உயிருள்ள எலிகள் படுத்த மரத்தூளில் இந்த எலியை ஒரு புரட்டுப் புரட்டி எடுத்தால் வாசனை தூக்கும், எனக்கு இரண்டாவது தடவை அது உதவியது. மண்டையில் துளை போட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. பலிக்கும் என்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. வாயைத் திறந்து திணிக்கிற வேலை மட்டும் வேண்டாம், அது டாக்டர் வேலை.

பட்டினியைப் பார்த்துப் பதறாதே, தராசைப் பார். ஐந்து வாரத்தில் 18 கிராம்தான் குறைந்தது. வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் டாக்டரிடம் போ. தின்ற பிறகு இரண்டு நாள் தூக்காதே, கக்கிவிடும். கக்கினால் இரண்டு வாரம் கழித்து, சின்ன எலியாகக் கொடு. எலியோ பாம்போ, தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவு, சால்மொனெல்லா என்கிற நோய்க்கிருமி ஒட்டிக்கொள்ளும். இடுக்கியும் டப்பாவும் சமையலறைப் பக்கம் வரவே கூடாது. இங்கே ஃப்ரீசரில் எலி டப்பா மூடிமேல் உன் அம்மா கொட்டை எழுத்தில் “திறக்காதே” என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.

அடுத்த மாதம் நீ வந்து கூட்டிப்போகும் தேதியைச் சொல்லு. அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே இரையை நிறுத்திவிடுகிறேன், வயிற்றில் எலியோடு பயணம் ஆகாது. உன் வீட்டுக்குப் போனதும் முதல் ஒரு வாரம் எதுவும் நீட்டாதே. எடை எழுதுகிற நோட்டும் இடுக்கியும் பெட்டியோடு வரும்.

நேற்று உன் அம்மா கேட்கிறாள், அவ்வளவு தூரம் அதைக் கொண்டு போய்த்தான் ஆக வேண்டுமா என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயே பேசிக்கொள்.

அன்புடன்,
அப்பா