மீட்ட குதிரைக்குக் கொள்ளு வைக்காதீர்கள்

பெங்களூரு மாநகரக் காவல் ஆணையர் அவர்களுக்கும் நிலைய ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

முகூர்த்த மாதங்கள் முடிந்ததும் சாரட்டுக் குதிரைகளின் கதி என்ன என்பதை அல்சூர், சிவாஜிநகர் பக்கம் இருக்கும் எங்களைப் போன்ற தமிழர்கள் தினமும் பார்க்கிறோம். மாப்பிள்ளையைச் சுமந்த குதிரை ரோட்டோரக் குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்கும். வண்டிக்காரரைக் கேட்டால், "என் பிள்ளைகளுக்கே சோறில்லை" என்பார். அது பொய்யில்லை. ஆனாலும் பட்டினி போட்டுக் கட்டி வைப்பது 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம்.

புகாரோடு போனால், நேரடியாகக் கைது செய்ய முடியாத குற்றங்களுக்குத் தரும் என்.சி.ஆர். என்ற பதிவுச் சீட்டை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பட்டினி போடுவது பிடியாணையின்றிக் கைது செய்யும் குற்றமல்ல என்பது காரணம். அது சரிதான். ஆனால் கைது வேறு, பறிமுதல் வேறு. அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு, கான்ஸ்டபிளுக்கு மேலே உள்ள எந்தக் காவல் அதிகாரியும் வதைபடும் பிராணியைப் பறிமுதல் செய்து மாஜிஸ்திரேட்டிடமோ கால்நடை மருத்துவ அதிகாரியிடமோ கொண்டுபோகலாம் என்கிறது. ஒரு ஏட்டையா மனது வைத்தால் போதும்.

அப்படி மனது வைத்த ஏட்டையாக்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

ஒரு நிலையத்தில் நான் பார்த்தது இது. பறிமுதலான பைக்குகளுக்கு நடுவே ஒரு பெட்டைக் குதிரையைக் கட்டியிருந்தார்கள். விலா எலும்பை எண்ணலாம். குளம்புகள் வளர்ந்து முன்பக்கம் மேல்நோக்கி வளைந்திருந்தன. சேணம் உரசிய இடத்தில் புண், அதில் ஈ. மனசு கேட்காமல் யாரோ ஒரு பக்கெட் நிறையக் கொள்ளு ஊறவைத்துக் கொண்டுவந்தார்கள். ஆவலோடு தின்றது. மூன்றாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது.

நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்தே பிழைக்கும். அதற்குள் திடீரென்று நிறைய மாவுச்சத்து போனால் இன்சுலின் ஏறி, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்படும். இதயம் தாங்காது. தீனி தொடங்கி முதல் பத்து நாள் வரை இந்த ஆபத்து உண்டு. குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது, உள்ளே போனது போனதுதான். அதனால் முதல் சில நாட்களுக்குத் தானியமே கூடாது. குதிரைமசால் என்ற தீவனப் பயிரை உலர்த்தி, அரைக் கிலோ அளவில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்க வேண்டும். மூக்கில் சளி ஒழுகினால் தனியாகக் கட்ட வேண்டும். கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோயாக இருந்தால் பக்கத்தில் போகும் உங்கள் ஆட்களுக்கும் தொற்றும்.

அடுத்தது வழக்கு. முதல் தடவை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். அதைக் கட்டிவிட்டு அதே ஆள் அதே குதிரையை ஓட்டிக்கொண்டு போனால் மீட்டது எதற்கு? வழக்கு முடியும்வரை பிராணியை நலச் சங்கத்திடமோ பிஞ்சராபோல் என்ற கால்நடைக் காப்பகத்திடமோ ஒப்படைக்கவும், பராமரிப்புச் செலவை உரிமையாளரிடம் வாங்கவும் இதே சட்டத்தின் கீழ் வந்த 2017-ஆம் ஆண்டு விதிகள் வழி சொல்கின்றன. தண்டனை பெற்றவரிடம் விட்டால் மறுபடியும் வதைபடும் என்று தெரிந்தால், உரிமையையே நீதிமன்றம் பறிக்க 29-ஆம் பிரிவு இருக்கிறது. இதையெல்லாம் அரசு வழக்கறிஞர் கேட்க வேண்டும். கேட்பதற்கு, பறிமுதலின்போது எழுதும் மகஜரில் சான்று வேண்டும்: புண், குளம்பு, பல், உடல்மெலிவு எல்லாவற்றுக்கும் தேதியோடு போட்டோ. தண்ணீரும் தீவனமும் இல்லாத தொட்டியையும் எடுங்கள். என் அனுபவத்தில் அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

நான் கேட்பது ஒரே பக்கச் சுற்றறிக்கை, கன்னடத்தில், ஒவ்வொரு நிலையச் சுவரிலும். பறிமுதல் செய்ததும் கூப்பிட வேண்டிய கால்நடை மருத்துவர், ஏற்றிப் போக வண்டி, கொண்டு சேர்க்கும் இடம், "தானியம் வைக்காதே" என்ற ஒரு வரி. இது போதும்.

சொல்லிக்கொடுக்க வெளியாள் தேவையில்லை. மைசூரு தசராவில் அணிவகுக்கும் குதிரைப்படை நம் மாநிலக் காவல்துறையுடையது. லாயத்திலேயே பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அடுத்த முகூர்த்த மாதங்கள் முடிவதற்குள் அவர்களில் சிலரை அழைத்து, நிலையத்துக்கு ஒரு ஏட்டையாவையாவது ஒரு நாள் அவர்களோடு உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
அல்சூர்வாசி ஒருவர்