128-க்குப் பிறகு 60-ஐயும் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சட்ட ஆலோசனைப் பகுதியில், நண்பரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுத் தன் மேலேயே தீர்ப்பு வாங்கிக்கொண்ட ஓர் ஓய்வூதியருக்கு, "ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் கட்டி முடிப்பதே கௌரவம்" என்று பதில் தந்திருந்தீர்கள். கௌரவத்தைப் பற்றி வகுப்பெடுத்ததற்கு நன்றி. 31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பித்தவன் நான். அந்தப் பாடம் விட்டுப்போயிருந்தது.

ஜாமீன்தாரருக்கும் கடன் வாங்கியவருக்கும் பொறுப்பு ஒன்றே என்று ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவை எடுத்துக்காட்டிய வழக்கறிஞர், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவுக்கு வருவதற்குள் களைத்துவிட்டார் போலும். கடனைக் கட்டச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்பாணையே போட்டாலும் ஓய்வூதியத்தையும் பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) ஜப்தி செய்யக் கூடாது என்று அங்கேதான் எழுதியிருக்கிறது. அரசு ஓய்வூதியத்துக்கு 1871-ஆம் ஆண்டுச் சட்டமே காவல் நிற்கிறது. தங்களுக்குத் தெரியாததல்ல.

நானும் கையெழுத்துப் போட்டவன்தான். ஆசிரியர் அறையில், வருகைப் பதிவேட்டின் மேல் காகிதத்தை வைத்து, மணி அடிக்கும் அவசரத்தில் போட்டது. சக ஆசிரியர் கட்டவில்லை. இருவர் மேலும் தீர்ப்பானது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, என் ஓய்வூதியக் கணக்கின் ஏடிஎம் துண்டுச்சீட்டில் இருப்பு 34,000 ரூபாய், எடுக்கத்தக்க இருப்பு சுழியம். இருந்தும் இல்லாத இந்த இருப்புக்கு என்ன இலக்கணக் குறிப்பு எழுதுவது?

வங்கி மாடிக்குப் போய்விட்டது. லிஃப்ட் கிடையாது. மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை என்ற பலகை மட்டும் மேலே இருக்கிறது. மூச்சு வாங்க ஏறிப்போய் 60-ஆம் பிரிவின் ஜெராக்ஸை நீட்டினேன். அந்த இளம் அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்ததால், புகார் செய்ய வேண்டிய தொலைபேசி எண்ணை அதில் எழுதி என்னிடமே கொடுத்தார்.

பணிக்கொடையைப் போட்டுவைத்த வைப்புத் தொகையையும் நிறுத்திவிட்டார்கள். டெபாசிட் ஆகிவிட்டால் அது வெறும் பணம்தானாம். கைக்கு வந்து டெபாசிட் ஆன பிறகும் ஓய்வுக்காலப் பணத்தின் தன்மை மாறாது என்று ராதேஷியாம் குப்தா வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை நினைவுபடுத்தி நீதிமன்றத்தில் விடுவிப்பு வாங்க எனக்கு நான்கு மாதமும் வக்கீல் கட்டணமும் ஆயின. அதுவரை என் மனைவியின் சர்க்கரை மாத்திரை, மருந்துக்கடைக்காரர் தயவில் வந்தது. கடன் வாங்கியவருக்கு மாடி வீடு இருக்கிறது. அசையாச் சொத்தைத் தேடிப்போக அலுப்பு. அசையும் கிழவன் கைக்கு எட்டுகிறான்.

கடனே இல்லை என்று நான் வாதாடவில்லை. வீட்டை, நிலத்தை, சட்டம் எதைத் தொடச் சொல்கிறதோ அதைத் தொடட்டும்.

இதையெல்லாம் போன டிசம்பர் 17, ஓய்வூதியர் நாளுக்கே எழுதினேன். ஆறு வரியாக்கி, நகைச்சுவைத் துணுக்குகளுக்குப் பக்கத்தில் போட்டீர்கள். அப்போதும் பிரிவு எண்தான் காணாமல் போனது.

அடுத்த இதழில், அதே ஆலோசனைப் பகுதியில், ஒரு திருத்தம் போட்டால் போதும். இடம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தில் லிஃப்ட் விஷயத்தை வெட்டுங்கள், தீபாவளியை வெட்டுங்கள். 60 என்ற எண்ணை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கும்பகோணம்.
(பெயர் வேண்டாம். அந்த மாடிக்கு மாதம் ஒருமுறை இன்னும் ஏற வேண்டியிருக்கிறது.)