நிமிடம் மட்டும் போதாது, பதமும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சமையல் குறிப்புகளில் ‘பீன்ஸை 15 நிமிடம் வேகவிடவும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடுகிறார்கள். அன்று காலை தோட்டத்தில் பறித்ததா, ஒரு வாரம் குளிர்பெட்டியில் கிடந்ததா என்று கேட்பதே இல்லை. இரண்டுக்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்? ஒடித்தால் ‘சடக்’கென்று நாரில்லாமல் ஒடியும் பிஞ்சுக்கு 5, 6 நிமிடமே அதிகம். வளைந்து கொடுப்பது நீர் வற்றிய காய். கூடுதல் நேரம் அதற்குத்தான். பருவம் முடியும் வேளையில் வரும் காயில் நாரும் முற்றிய விதையும் சேர்ந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கால் கிலோ பீன்ஸுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். தண்ணீர் குறைந்தால் காயைப் போட்டதும் கொதி அடங்கிவிடும். பாத்திரத்தை மூடக் கூடாது. வேகும் காயிலிருந்தே அமிலம் ஆவியாகக் கிளம்பும்; மூடியில் பட்டு மறுபடி உள்ளே சொட்டினால் பச்சை மங்கிப் பழுப்பேறும். நிறத்துக்காகச் சமையல் சோடா போடுவது பெரிய தவறு. பச்சை நிற்கும், காய் குழைந்துபோகும், வைட்டமின் சி-யும் கூடுதலாக அழியும். தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பெல்லாம் காய் வெந்த பிறகுதான். முதலிலேயே சேர்த்தால் காய் விறைத்துக்கொண்டு வேக மறுக்கும்.

வெண்டைக்காயைக் கெடுப்பது ஈரம். கழுவி, துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு நறுக்க வேண்டும். கத்தியிலும் பலகையிலும் ஈரம் இருக்கக் கூடாது. அகலமான சட்டியில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். குவித்துப் போட்டால் தன் ஆவியிலேயே வெந்து வழவழக்கும். உப்பு நீரை இழுக்கும் என்பதால் கடைசியில் போட வேண்டும். கீரைக்கும் அப்படித்தான்: கழுவிய ஈரமே போதும், சுருங்கி அடங்கிய பிறகே உப்பின் அளவு தெரியும்.

இலையோடு வரும் கேரட்டை வாங்கியதும் இலையை நறுக்கிவிடுங்கள். விட்டால் கிழங்கின் நீரை அது உறிஞ்சிவிடும். இனிப்புச் சோளத்தைப் பறித்த அன்றே சமைப்பது நல்லது. நேரமாக ஆக அதன் சர்க்கரை மாவாக மாறிக்கொண்டே போகும்.

தங்கள் சமையல் பகுதியில் நிமிடத்துக்குப் பக்கத்திலேயே பதத்தையும் அச்சிட வேண்டுகிறேன். பீன்ஸ் என்றால், ‘கடித்தால் பச்சை வாடை போயிருக்க வேண்டும், லேசாக நறுக்கென்றும் இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்