மாமியைக் கதைக்க விடு

அன்புள்ள மச்சாள்,

போன கிழமை போனில் நீ சொன்ன ஒரு வார்த்தை இன்னும் எனக்குள் நிற்கிறது. புற்றுநோயோடு இருக்கும் மாமியை மனநல ஆலோசகரிடம் அனுப்பட்டுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம். "அம்மாவுக்கு விசர் ஒன்றும் இல்லை" என்று சொல்லிப்போட்டு வந்தாயாம். இதை உனக்கு மட்டும் வட்ஸ்அப்பில்தான் எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, ஸ்காபரோவில் எத்தனையோ தமிழ் வீடுகளில் இதே கதைதான் என்று பட்டது. அதனால்தான் உன்னிடம் கேட்டு, நீ சரி என்ற பிறகு இங்கே போடுகிறேன்.

என்ரை மனுசன், இவருக்கு நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்கும் பரவிவிட்டது என்று தெரிந்த அன்று நானும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னேன். உடம்புக்குத்தான் வருத்தம், மனதுக்கு என்ன வைத்தியம் என்று. இவர்தான், "ஒருக்கா போய்ப் பார்ப்பமே" என்றார்.

நாங்கள் போனது கதைத்துக் கதைத்து மனதை ஆற்றும் ஒரு சிகிச்சைக்கு. அதன் பெயர் காம் (CALM). இங்கே ரொறன்ரோவில், பிரின்சஸ் மார்கரெட் புற்றுநோய் நிலையத்தில் டொக்டர் கரி ரோடினும் அவரோடு வேலை செய்தவர்களும் முற்றிய புற்றுநோய் உள்ளவர்களுக்கென்றே உருவாக்கியது. வருடக்கணக்கில் போக வேண்டியதில்லை. மூன்று முதல் ஆறு சந்திப்புகள், ஒவ்வொன்றும் முக்கால் மணியோ ஒரு மணித்தியாலமோ, மூன்று தொடக்கம் ஆறு மாதத்துக்குள். வீட்டு ஆட்களும் கூட இருக்கலாம். களைத்துப்போன மனிதருக்கு அதற்கு மேல் எங்கே தெம்பு?

முதல் நாளே சாவைப் பற்றிக் கதைப்பார்கள் என்று பயந்துகொண்டு போனேன். எங்களோடு கதைத்த ஆலோசகர்ப் பிள்ளை கேட்டதோ, "உங்களுக்கு இப்ப எது கரைச்சலாய் இருக்குது?" என்றுதான். இவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இரவில் மூச்சு எடுக்க ஏலாமல் போகிறது, அப்படியே அடைபட்டுச் செத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, நித்திரை கொள்வதே இல்லை என்றார். பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அது தெரியாது, மச்சாள். நானும் நித்திரை போல் நடித்துக்கொண்டு அழுதபடி கிடந்தது அவருக்கும் தெரியாது. இதை டொக்டரிடம் எப்படிச் சொல்வது என்று அந்தப் பிள்ளை அவருக்குச் சொல்லிக்கொடுத்தா. அடுத்த முறை போனபோது மூச்சுத் திணறலுக்குச் சிறிய அளவில் மோர்பின் கொடுத்தார்கள். அன்றிரவு இவர் நித்திரை கொண்டார். மனதுக்கான சிகிச்சையில் எங்களுக்கு முதலில் கிடைத்தது அந்த நித்திரைதான்.

பிறகு மெல்ல மெல்ல மற்றவை வந்தன. வேலைக்குப் போகாத மனிதன் வீட்டில் யார்? மகளிடம் கோபப்பட்டது ஏன்? இவ்வளவு பாடுபட்டு வாழ்ந்தது எதற்கு? நாலாவது முறையில் தானாகவே, "என்ரை சாம்பலை ஊரில, கீரிமலைக் கடலில கரைக்க வேணும்" என்றார். நான் அழுதேன். வீட்டுக்கு வந்ததும், குளிருக்கு முதல் கறிவேப்பிலைச் சாடியை உள்ளே எடுத்து வை, வாற கோடைக்கு இன்னும் பெரிய சாடி வாங்க வேணும் என்றார். சாவையும் வாற கோடையையும் ஒரே நாளில் ஒரே மனதில் வைத்திருக்க மனிதரால் ஏலும் என்பதை அன்றுதான் கண்டேன். காம் சிகிச்சை வளர்க்கப் பார்ப்பதும் இதைத்தான். சாவைப் பற்றிக் கதைத்தால் நம்பிக்கை போய்விடும் என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாடிதான் ஞாபகம் வருகிறது.

பொய் சொல்லி உன்னை அனுப்பப் போவதில்லை. 305 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. காம் சிகிச்சை பெற்றவர்களுக்கு மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் மற்றப் பிரிவினரைவிட மனச்சோர்வு குறைவாக இருந்தது. வித்தியாசம் பெரிது என்று சொல்ல முடியாது. ஆனால் யாருக்கும் அதனால் தீங்கு வந்ததாகக் காணவில்லை. புற்றுநோய் இதனால் சுருங்காது. இவரும் போய்விட்டார். ஆனால் அந்தக் கடைசி மாதங்களில் எங்கள் வீட்டில் ஆளுக்காள் நடிக்கவில்லை.

மாமிக்கு இன்னொன்றும் பொருந்தும் என்று நினைக்கிறேன். வினிபெக்கில் டொக்டர் ஹார்வி சொச்சினோவ் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய கண்ணியச் சிகிச்சை. வாழ்க்கையில் எது முக்கியம், பிள்ளைகளுக்கு என்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டுப் பதிவு செய்வார்கள். அதை எழுத்தாக்கி, திரும்ப வாசித்துக் காட்டி, திருத்தி, கையில் கொடுப்பார்கள். 2011இல் வந்த பெரிய ஆய்வில் மனவேதனை அளவுகள் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதைச் செய்தவர்கள் தங்களுக்கு உதவியாக இருந்தது என்றும், வீட்டார் தங்களைப் பார்க்கும் விதமே மாறியது என்றும் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள். 95இல் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்தபோது உன்னைத் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தால் மழைக்குள் நடந்தவ உன் அம்மா. அந்தக் கதையை உன் மகனுக்கு அவவின் வாயால் யார் சொல்லப்போகிறார்கள்?

மாமிக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறாய். போன மாதம் நான் வந்தபோது, நீ தேத்தண்ணி போட எழும்பிப் போன உடனே என் கையைப் பிடித்து, "அவள் பாவம், அவளுக்குச் சொல்லிப்போடாதை" என்றா. அவவும் உன்னிடம் மறைக்கிறா, மச்சாள்.

செவ்வாய்க்கிழமை போகும்போது, வேண்டாம் என்றதைத் திருப்பி எடுக்கிறேன் என்று நர்ஸிடம் சொல். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேள். நீ மொழிபெயர்க்காதே, நல்லதை மட்டும்தான் சொல்வாய். நான் பத்து மணிக்குக் கார் கொண்டு வாறன். மாமி உள்ளே கதைக்கட்டும், நாங்கள் இரண்டு பேரும் வெளியில் இருப்பம்.

அன்புடன்,
உன் மச்சாள்