அது அப்படித்தான்மா என்றாயே

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இந்தக் கடிதத்தை நீ விட்டுவிட்டுப் போன ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரிலேயே அடிக்கிறேன், அதனால் முதல் பத்தி முடிவதற்குள் ஒரு டீ ஆறிப்போய்விட்டது.

போன வாரம் உனக்குப் போன் பண்ணி, "காப்பி பண்ண கன்ட்ரோல் சி அடித்தால் ஒன்றுமே ஆகவில்லையே" என்று கேட்டேன். "மேக்ல கமாண்ட்மா, அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டாய். அந்த "அது அப்படித்தான்" எனக்குப் பிடிக்கவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்கு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் அப்படிச் சொல்லமாட்டார். ஷிப்ட் கீயை அமுக்கச் சொல்லிவிட்டு மெஷினைக் குனிந்து பார்க்கச் சொன்னார். ரோலரோடு வண்டி அப்படியே மேலே எழும்பியது. ஒரே கம்பியின் தலையில் இரண்டு எழுத்து. வண்டி இடம் மாறினால் மற்ற எழுத்து பேப்பரில் விழும். "இடம் மாறுது பார், அதான் ஷிப்ட்" என்றார். இன்று உன் மேக்கில் எதுவும் எழும்புவதில்லை, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

டைப்ரைட்டிங் பரீட்சையில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. அந்த வேகத்தில் கை யோசிக்காது, தானே போகும். அதுதான் இப்போது சிக்கல். இத்தனை வருடம் கடையில் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஜாப் டைப்பிங் பண்ணி, என் இடது சுண்டுவிரல் மூலையில் இருக்கும் கன்ட்ரோலுக்குத் தானாகப் போய்விடும். உன் மேக்கில் கட்டைவிரலை மடக்கி, ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில் கமாண்டை அமுக்க வேண்டும். காசிமேட்டிலிருந்து ஒருவர் படகு லைசென்ஸ் மனு அடிக்க வந்திருந்தார். பழைய மனுவை எடுத்துத் திருத்தலாம் என்று கன்ட்ரோல் ஏ போட்டேன். எல்லாம் செலக்ட் ஆகாமல் கர்சர் முன்னால் போய் நின்றது. கன்ட்ரோல் வி போட்டேன், பக்கம் கீழே ஓடியது. அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வரட்டுமாக்கா?" என்று கேட்டார். அவமானமாக இருந்தது, போ.

மேல்வீட்டுப் பையன் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு வைத்திருக்கிறான். அவனிடம் கேட்கலாம் என்று போய் அங்கேயும் ஒரு வேலை செய்தேன். கட்டளையை எழுத்தாகத் தட்டி வேலை வாங்கும் கறுப்புத் திரையில் ஏதோ இன்ஸ்டால் ஆகிக்கொண்டிருந்தது. ஒரு வரியைக் காப்பி பண்ணலாமே என்று கன்ட்ரோல் சி தட்டினேன், எல்லாம் நின்றுவிட்டது. "ஆன்ட்டி, டெர்மினல்ல அது நிறுத்துறதுக்கு" என்று தலையில் கைவைத்துக்கொண்டான். அங்கே காப்பிக்குக் கன்ட்ரோல், ஷிப்ட், சி மூன்றும் வேண்டுமாம். கன்ட்ரோல் சி என்றால் நிறுத்து என்பதுதான் பழைய அர்த்தம், காப்பி பின்னால் வந்தது என்றும் அவன்தான் சொன்னான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேக்கில் கட்டளைக்கென்றே தனியாக ஒரு கீ இருப்பதால் இந்தச் சண்டையே இல்லை. அதன் டெர்மினலில் கன்ட்ரோல் சி நிறுத்தும், கமாண்ட் சி காப்பி எடுக்கும். அப்புறம் ராத்திரி உட்கார்ந்து படித்தேன். வெட்டு, ஒட்டு வேலையை 1970-களில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் லாரி டெஸ்லர், டிம் மாட் என்ற இரண்டு பேர் உருவாக்கினார்கள். டெஸ்லர் பிறகு ஆப்பிளுக்குப் போனார். 1983-இல் வந்த லிசாவிலேயே ஆப்பிள் படம் போட்ட கீயோடு, செய்ததை ரத்து பண்ண இசட், வெட்ட எக்ஸ், காப்பிக்கு சி, ஒட்ட வி. அந்தக் காலத்து விண்டோஸ் பிசியில் அப்படி ஒரு கீ இல்லை. முதலில் காப்பிக்குக் கன்ட்ரோல் இன்செர்ட், ஒட்டுவதற்கு ஷிப்ட் இன்செர்ட் என்று வைத்திருந்தார்கள். 1990-களில்தான் கன்ட்ரோலோடு அதே நாலு எழுத்து பரவியது. கடை கம்ப்யூட்டரில் ஷிப்ட் இன்செர்ட் போட்டுப் பார்த்தேன், இன்றைக்கும் ஒட்டுகிறது!

அந்த நாலு எழுத்தும் கீழ் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தாயா? எக்ஸ் கத்தரிக்கோல் மாதிரி. வி, ப்ரூஃப் பார்க்கிறவர்கள் விட்டுப்போன வார்த்தையைச் செருகப் போடும் குறி மாதிரி. எனக்குப் பிடித்தது இசட்தான். நான் வேலைக்குப் போன புதிதில் ஒரு கடிதத்துக்குக் கார்பன் வைத்து மூன்று காப்பி எடுப்போம். ஒரு எழுத்து தப்பினால் மூன்றையும் தனித்தனியாக ரப்பரால் அழிக்க வேண்டும், பேப்பர் ஓட்டையானால் மறுபடி முதலிலிருந்து. மெயிலில் நீ சிசி போடுகிறாயே, அதில் முதல் சி அந்தக் கார்பன்தான். இப்போது இசட்டைத் தட்டினால் தப்பே நடக்காத மாதிரி ஆகிவிடுகிறது. ரத்து பண்ணினதைத் திரும்பக் கொண்டுவர விண்டோஸில் கன்ட்ரோல் ஒய், மேக்கில் கமாண்டோடு ஷிப்டும் இசட்டும்.

சரி, கன்ட்ரோல் இருந்த இடத்தில் எல்லாம் கமாண்ட் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஆல்ட் டேப் இங்கே கமாண்ட் டேப் ஆனதுகூடப் பழகிவிட்டது. தமிழுக்கு மாறும்போதுதான் கணக்கு உதைத்தது. விண்டோஸில் விண்டோஸ் கீயும் ஸ்பேஸும். அதே கையோடு இங்கே கமாண்ட் ஸ்பேஸ் தட்டினால் தேடுகிற பெட்டி வந்து நிற்கிறது. இங்கே தமிழுக்குக் கன்ட்ரோல் ஸ்பேஸ். நாள் முழுக்கத் தமிழும் இங்கிலீஷுமாக மாறி மாறி அடிக்கிற எனக்கு நீ முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். இங்கிலீஷிலேயே வேலை பார்க்கிற உனக்கு அது எங்கே ஞாபகம் வரப்போகிறது.

காசிமேட்டுக்காரர் மறுநாள் வந்தார். கால் மணி நேரத்தில் மனுவை முடித்துக் கொடுத்துவிட்டேன்.

புது கீபோர்டு வாங்கி அனுப்புகிறேன் என்று கிளம்பாதே. கை இப்போதுதான் வழிக்கு வருகிறது. வாசலில் காதுகுத்துப் பத்திரிகைக்கு ஆள் வந்துவிட்டார்கள், இதை அனுப்பிவிட்டு ஜன்னலை மூட வேண்டும். கமாண்ட் டபிள்யூ. பக்கத்திலேயே கியூ இருக்கிறது, விரல் நழுவினால் மொத்தத்தையும் மூடிவிடும். பார்த்துத் தட்டுகிறேன்.

அன்புடன்,
அம்மா