குளவி, தேனீ கொட்டிய ஊரிலேயே அட்ரினலின் ஊசி கிடைக்க வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற செவிலியர்கள், மருந்தாளுநர்கள் மற்றும் தோட்டத் தொழிலாளர்கள்,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சேலம்.

பொருள்: குளவி, தேனீ கொட்டிக் கடும் ஒவ்வாமைக்கு உள்ளாவோருக்குத் துணை சுகாதார நிலையங்களிலேயே அட்ரினலின் ஊசி போட ஆவன செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கையிலும், மிளகுக்கு ஏணி போட்டு ஏறுகையிலும் குளவியோ மலைத்தேனீயோ கொட்டுவது வாடிக்கை. ஒன்றிரண்டு கொட்டினால் பெரும்பாலோருக்கு அந்த இடம் வீங்கிச் சில நாளில் வற்றிவிடும். கூட்டமாகக் கொட்டினால் யாரானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எங்கள் கவலை, ஒரே கொட்டில் உடல் முழுக்க ஒவ்வாமை பரவுபவர்களைப் பற்றியது. சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகும் நிலையில், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் சேரும்வரை முதல் ஊசிக்குக் காத்திருக்க முடியாது.

கையில் கொட்டியிருக்கத் தொடையிலும் வயிற்றிலும் தடிப்பு எழுவது முதல் எச்சரிக்கை. அதோடு குரல் கட்டுதல், நாக்கு வீங்குதல், எச்சில் விழுங்க முடியாமை, மூச்சில் இழுப்பு, அடுத்தடுத்து வாந்தி, கண் இருட்டுதல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அவசரம்தான். குழந்தை திடீரென்று துவண்டாலும் அப்படியே. தோலில் எதுவும் தெரியாமலே ரத்த அழுத்தம் இறங்குவதும் உண்டு. "உடம்பில் தடிப்பே இல்லையே" என்று பொறுத்துப் பார்ப்பதில்தான் உயிர் காக்கும் நேரம் கரைகிறது.

இங்கே நடப்பது என்ன? சுண்ணாம்பு தடவி, கடையில் அலர்ஜி மாத்திரை வாங்கிக் கொடுத்து, பைக்கில் இருவருக்கு நடுவே உட்காரவைத்துக் கிளம்புகிறார்கள். மாத்திரை அரிப்பைத் தணிக்கும். அடைத்த தொண்டையைத் திறக்காது. அவில் (அலர்ஜி மருந்து), டெக்சா (ஸ்டீராய்டு) ஊசிகளும் அட்ரினலினுக்கு ஈடாகா. பைக்கில் நிமிர்ந்து உட்கார்ந்தால் ரத்தம் காலில் தேங்கி இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது. வழியிலேயே நாடி விழலாம். மயக்கம் வருபவரை மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம். கர்ப்பிணி இடப்பக்கமாகப் படுக்க வேண்டும். யாரையும் எழுந்து நடக்கவிடக் கூடாது.

முதல் மருந்து அட்ரினலின். 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்பூலிலிருந்து (கண்ணாடி மருந்துக் குப்பி) பெரியவர்களுக்கு 0.5 மி.லி., 6 முதல் 12 வயதுவரை 0.3 மி.லி., 6 மாதம் முதல் 6 வயதுவரை 0.15 மி.லி. தொடையின் வெளிப்பக்க நடுத்தசையில் போட வேண்டும். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொரு முறை. இன்சுலின் சிரிஞ்சின் ஊசி குட்டையானது, தசையை எட்டாது. இதே மருந்தை அப்படியே ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

ஆகவே ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் 5 ஆம்பூல்கள், 1 மி.லி. சிரிஞ்சுகள், 1 அங்குல ஊசிகள் ஒரே டப்பாவில், மூடியில் வயதுவாரியாக அளவு எழுதி இருக்க வேண்டுகிறோம். வெளிச்சம் படாமல், 25 டிகிரிக்குள் வைத்து, நிறம் மாறியதையும் காலாவதியானதையும் மாதந்தோறும் பார்த்து மாற்ற வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, மருத்துவரின் வருகைக்குக் காத்திராமல் செவிலியர் முதல் ஊசியைப் போட எழுத்துப்பூர்வ அனுமதி. அந்த அனுமதி இல்லாவிட்டால் டப்பா இருந்தும் கை தயங்கும்.

ஊசிக்குப் பின் தேறியவருக்கும் சில மணி நேரத்தில் ஒவ்வாமை திரும்பக்கூடும். எனவே 108 வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, குறைந்தது 6 மணி நேரம் கண்காணிப்பில் வைக்கவும், காப்பிப் பறிப்பு தொடங்கும் முன் மேற்கண்ட அறிகுறிகளைத் தோட்டங்களிலும் பள்ளிகளிலும் பலகையில் எழுதி வைக்கவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கையொப்பமிட்டுள்ள மனுதாரர்கள்