செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு 6 முறை கூடியது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கரையான் மருந்துச் செலவு அதில் கண்ணை உறுத்தினால், காரணம் கீழே இருக்கிறது.

நம் ஊர்த் தேவாலயத்தின் பழைய பிரெஞ்சுக் கால்மிதி ஆர்மோனியமே இந்த ஆண்டை விழுங்கிவிட்டது. ஊரார் அதை ஆர்கன் என்கிறார்கள். குழாய் ஒன்றுகூடக் கிடையாது. உள்ளே இருப்பவை காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்குகள், அதாவது ரீடுகள். ஆடி மாதம் பின்பலகையைக் கழற்றினோம். அடிச்சட்டத்தில் கரையான், துருத்தியில் எலி கடித்த ஓட்டை. அவற்றையாவது மன்னிக்கலாம். முன்பு பழுதுபார்த்த யாரோ துருத்தியின் தோலை உரித்துவிட்டு ரெக்சினை ரப்பர் பசையால் ஒட்டியிருந்தார். உரித்தால் மரச் சிம்பும் கூடவே வந்தது. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையாக இருந்திருந்தால் வெந்நீர்த் துணி வைத்தாலே இளகியிருக்கும் என்றார், நாடகக் குழுக்களுக்கு ஆர்மோனியம் சரிசெய்யும் பெரியவர். அவர் கையாலேயே மறுபடி ஆட்டுத்தோலும் வச்சிரமும் போட்டோம்.

கரையானுக்கு என்ன வழி என்று தேடியபோதுதான் பிலிப்பைன்ஸின் லாஸ் பினாஸ் தேவாலயத்து மூங்கில் ஆர்கனைப் பற்றி அறிந்தோம். அதன் 1,031 குழாய்களில் 902 மூங்கில். 1824இல் அதை முடித்த டியேகோ செரா பாதிரியார், பூச்சி அரிக்காதிருக்க மூங்கிலைக் கடற்கரை மணலில் புதைத்து வைத்தவர். 1973இல் அது ஜெர்மனியின் பான் நகரப் பட்டறைக்குப் போய், 1975இல் அதே மூங்கில் குரலோடு ஊர் திரும்பியது. நமக்குக் கடற்கரை இல்லை, மருந்துதான் அடித்தோம்.

நன்கொடையாளர் ஒருவர், பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே ஸ்பீக்கர் பொருத்தலாம் என்றார். பர்மாத் தேக்குத் தூணை விற்றுவிட்டு முகப்பை மட்டும் வைத்திருக்கும் வீடுகளை நாம் பார்க்காததா? நன்றியோடு மறுத்தோம். பொருளாளருக்கு இன்னும் வருத்தம்தான்.

பெரிய தகராறு சுருதியில் வந்தது. பிரெஞ்சு அரசு 1859இல், மேற்கத்திய இசையில் சுருதி சேர்க்க அளவாக வைக்கும் 'லா' (A) சுரத்துக்கு வினாடிக்கு 435 அதிர்வு என்று வரையறுத்தது. நம் பெட்டி அதை ஒட்டியே நிற்கிறது. பாடகர் குழுவின் கீபோர்டு 440. இரண்டும் சேர்ந்தால் காது கூசும். ரீடின் நுனியைச் சுரண்டிச் சுருதியை ஏற்றிவிடலாம் என்று குழுவினர் கேட்டார்கள். பெரியவர் ஒரு ரீடை விளக்கருகே பிடித்துக் காட்டினார்: நுனியில் பழைய அரத்தின் கோடுகள், தலைமயிரை விட மெல்லியவை. “செய்தவன் கையெழுத்து இது. சுரண்டிய பித்தளையை எங்கே போய்த் தேடுவீர்கள்?” என்றார்.

“பாட உதவாத பெட்டி எதற்கு?” என்று குழுவினர் கேட்டதும் நியாயமே. இரண்டு கூட்டங்கள் இதிலேயே கரைந்தன. கடைசியில் வழி சொன்னவள் கீபோர்டு வாசிக்கும் கல்லூரி மாணவி. கீபோர்டின் சுருதியை 435க்கு இறக்க அதிலேயே வசதி இருக்கிறதாம்! எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியில் இரண்டும் சேர்ந்தே ஒலித்தன.

மேல் ஸ்தாயியில் ஒரு ரீடு முறிந்து ஊமையாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் இதுபோன்ற பெட்டி கிடந்தால் தகவல் மட்டும் சொல்லுங்கள். தயவுசெய்து எதையும் கழற்றிக்கொண்டு வராதீர்கள்.

பணிவுடன்,
செயலாளர்